எங்கே வலித்தால் எதைப் பார்க்க வேண்டும்: புதிதாக ஓடுபவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் யாருக்கும் பெரிய தொல்லை வருவதில்லை. ஒன்றரை, இரண்டு மாதம் ஆனதும்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறது என்று தூரத்தைக் கூட்டும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. கீழே வரும் வலிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவை.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: கடந்த மூன்று வாரம் எந்த நாள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எந்தத் தரை, எந்த ஷூ என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

வலிக்கு மதிப்பெண் போடவும் பழகுங்கள். பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் குறைந்த தூரத்தில் தொடரலாம். நடை மாறி நொண்டினால் மதிப்பெண் எதுவானாலும் அன்றைக்கு நிறுத்த வேண்டியதுதான்.

## இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது

வேகம். முதல் சந்தேகம் இதன் மேல்தான், பெரும்பாலும் கடைசிக் காரணமும் இதுவே. ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், எட்டரை நிமிடம் என்று இறங்குங்கள். நடப்பவர் கூடவே வருவது போலத் தோன்றும், பரவாயில்லை.

இடைவிடாமல் ஓட முயல்வது. ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என எட்டு முறை. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. அது சுலபமானதும் 2-க்கு 2, பிறகு 3-க்கு 1, பிறகு 5-க்கு 1. இப்படிப் போனால் எட்டு, ஒன்பது வாரத்தில் இருபது நிமிடத்தைத் தொடர்ந்து ஓட முடிகிறவர்கள் பலர். முடியாவிட்டால் அதே கட்டத்தில் இன்னொரு வாரம் இருங்கள்.

வாட்ச் பொய் சொல்கிறதா? மெதுவாக ஓடியும் நாடித்துடிப்பு 165 என்று காட்டினால் பயப்படுவதற்கு முன் ஒரு சோதனை. மணிக்கட்டில் ஒளிவிட்டு அளக்கும் வாட்சுகள் சில சமயம் நாடியை விட்டுவிட்டுக் காலடி அதிர்வையே எண்ணத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கையும் அதே 165-ஆக இருந்தால் சந்தேகம் உறுதி. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்குங்கள். நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிச் சரிபாருங்கள்.

இரத்தம். மெதுவாக ஓடியும், ஆறேழு வாரம் ஆகியும், மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபினும், உடலில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் பெண்களும் சைவ உணவுக்காரர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், ஆகவே இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பது உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

உடனே மருத்துவமனை: ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, கண் இருட்டி மயக்கம். நின்றதும் சரியாகிவிட்டது என்பது ஆறுதல் இல்லை. இதயத்துக்கு இரத்தம் போதாதபோதும் வலி அப்படித்தான் வந்து போகும். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர்கள் ஓடத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

## விலாவுக்குக் கீழே குத்துகிறது

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் ஓடினீர்களா? ஒரே மூச்சில் அரை லிட்டர் தண்ணீரோ, இனிப்பான பழச்சாறோ குடித்தீர்களா? பெரும்பாலும் இவைதான். குத்தும்போது நடைக்கு இறங்கி, அந்த இடத்தை விரல்களால் அழுத்தி, சற்று முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் விடும். நின்ற பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கும் வயிற்று வலி வேறு, அதற்கு மருத்துவர்.

## காலடி தரையில் ‘டப் டப்’ என்று அறைகிறது

வலி இல்லாவிட்டாலும் இந்தத் தலைப்பைப் படித்துவிடுங்கள். முன்னெலும்பு, முழங்கால் இரண்டின் தொல்லைக்கும் வேர் பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

நண்பரிடம் செல்போனைக் கொடுத்து, உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பத்து மீட்டர் போதும். ஆனால் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கேமராவைக் கண்ட முதல் நிமிடம் எல்லோரும் அழகாகத்தான் ஓடுவார்கள். பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு ஃபிரேமில் வீடியோவை நிறுத்துங்கள். முழங்காலுக்கு நேர் கீழே, அல்லது சற்றே முன்னால் பாதம் இருந்தால் நல்லது. முழங்கால் நீட்டி விறைத்து, பாதம் அதற்கு வெகு முன்னால் போய், ஷூவின் முனை வானத்தைப் பார்த்தால் நீங்கள் காலை எட்டிப் போடுகிறீர்கள். ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிற அடியாக ஆகிறது. அந்த அதிர்ச்சி முன்னெலும்புக்கும் முழங்காலுக்கும் போகிறது.

இதைச் சரிசெய்ய ஷூ வாங்க வேண்டாம், எண்ணினால் போதும். வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்: 39 வந்தால் நிமிடத்துக்கு 156 அடி. அதை ஐந்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள், 164. செல்போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை 164-க்கு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் அந்தத் தாளத்தில் ஓடுங்கள், மற்ற நான்கு நிமிடம் இயல்பாக விடுங்கள். வேகம் கூடக் கூடாது. அதே வேகம், குட்டி அடி. இரண்டு மூன்று வாரத்தில் தாளம் காலில் ஏறிவிடும்.

‘180 அடி இருந்தே ஆக வேண்டும்’ என்று பலர் சொல்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வீரர்களின் காலடியை எண்ணியதிலிருந்து பரவிய எண் அது. அவர்கள் போட்டி வேகத்தில் ஓடியவர்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்தில் ஓடும் ஆறடி மனிதருக்கு அது பொருந்தாது. உங்கள் எண்ணிலிருந்து ஐந்து சதவீதம், தேவைப்பட்டால் இன்னொரு ஐந்து, அதோடு சரி.

இன்னொன்றும் அழுத்தியே சொல்ல வேண்டும். குதிகாலில் இறங்குவது குற்றம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முன்பாதத்தில் ஓட முயலாதீர்கள். பாரம் எங்கும் காணாமல் போவதில்லை. முழங்காலிலிருந்து ஆடுசதைக்கும் குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் தசைநாருக்கும் இடம் மாறுகிறது. ஒரே வாரத்தில் மாற்றியவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் கீழேயுள்ள குதிகால் தலைப்பு. அடியைக் குட்டையாக்கினால் பாதம் இறங்கும் விதம் தானாகவே மென்மையாகும்.

கையையும் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய தொண்ணூறு பாகை மடங்கி, கை முன்னும் பின்னும் போக வேண்டும். மார்பின் நடுக்கோட்டைக் கை தாண்டினால் உடம்பு இடவலமாகத் திருகும். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் கையை ஒருமுறை தொங்கவிட்டு உதறிவிட்டு மறுபடி மடக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் ஓட்டம் விறைத்துவிடும்.

## முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது

முதலில் ஒரு விரல் சோதனை. உட்கார்ந்து, முன்னெலும்பின் உள்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள்.

### மூன்று விரல் அகலத்துக்கும் மேலே பரவலாக வலித்தால்

இதைத்தான் ‘ஷின் ஸ்பிளின்ட்ஸ்’ என்கிறார்கள். ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, சூடேறியதும் குறைந்து, முடித்த பிறகு திரும்ப வரும்.

முதலில் எழுதிவைத்த மூன்று வாரத் தாளைப் பாருங்கள். திடீரென்று ஒரு நீண்ட ஓட்டம், மூன்று நாள் இருந்தது ஐந்து நாள் ஆனது, கூடவே ஸ்கிப்பிங், இப்படி ஏதாவது இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தூரத்தைப் பாதியாக்குங்கள். பிறகும் கடந்த ஒரு மாதத்தின் மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாண்ட வேண்டாம்.

அடுத்தது தரை. தார்ச்சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும். அலையோரச் சரிவிலும் அதே கதைதான். ஒரு காலில் மட்டும் வலி என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். கடற்கரையில் போன வழியிலேயே திரும்பி வந்தால் பாரம் இரண்டு காலுக்கும் பங்காகும். சாலையில் எதிர்வரும் வண்டியைப் பார்த்து ஓடுவதுதான் பாதுகாப்பு, ஆகவே பக்கம் மாற்றுவதைவிடப் பூங்காவுக்கோ மைதானத்துக்கோ மாறுவது மேல்.

மூன்றாவது ஷூ. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்; ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. பொதுவாக ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். அடிப்பட்டை தேயாமலே உள்ளேயிருக்கும் நுரை செத்துப்போயிருக்கும்: பக்கவாட்டில் கிடைமட்டமான சுருக்கங்கள் ஆழமாகத் தெரியும். கேன்வாஸ் ஷூவில் ஓடுகிறீர்கள் என்றால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

நான்காவது ஆடுசதையின் பலம். சுவரில் விரல் நுனியை வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். இருபது முறை வராமல் பன்னிரண்டிலேயே நடுங்கினால் பலம் போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முறை வீதம் மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒரு தடவை, சற்று மடக்கி ஒரு தடவை. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஓட்டத்தில் அதிக பாரம் சுமக்கும் உள் ஆடுசதைக்கு அதுதான் பயிற்சி.

முப்பது நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்றால் ஓட்டம்-நடை கலந்து திரும்பத் தொடங்கலாம்.

### ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால்

எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலி, அந்தக் காலால் ஒருமுறை குதித்தாலே வலி என்றால் சந்தேகம் வலுக்கிறது. இங்கே ‘மெதுவாக ஓடிப் பார்க்கிறேன்’ என்பது கூடவே கூடாது. எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி அதே புள்ளியில் நின்றால் எம்ஆர்ஐ தேவையா என்று நீங்களே கேளுங்கள். வைட்டமின் டி பரிசோதனையும் அப்போதே எடுத்துவிடலாம். மாதவிடாய் மூன்று மாதமாக நின்றிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பு பலவீனமாவதோடு நேரடித் தொடர்புள்ளது.

### ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் கால் இறுகினால்

கால் கல்லாக இறுகி, பாதத்தின் மேற்புறம் மரத்து, நின்ற சில நிமிடத்தில் சரியாகிறதா? தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். நீவிவிடுவது உதவாது, விளையாட்டு மருத்துவர் பார்க்க வேண்டியது. நின்ற பிறகும் இறுக்கமும் வலியும் ஏறிக்கொண்டே போனால் அது அவசர சிகிச்சைக்குரியது.

## முழங்கால் வலிக்கிறது

### முன்பக்கம், சில்லைச் சுற்றி

படி இறங்கும்போது, பஸ்ஸில் நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போது வலிக்கும். மேம்பாலத்திலிருந்து வேகமாக இறங்குவது, எட்டிப் போடும் அடி, இடுப்புப் பக்கச் சதையின் பலவீனம், இந்த வரிசையில் பாருங்கள். பலவீனத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி முன் வாசற்படியில் நின்று, ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேலே மடங்கும் முழங்கால் கட்டைவிரல் பக்கமாக உள்ளே சாய்கிறதா? சாய்ந்தால் அதே பயிற்சியைச் சாயாமல், மெதுவாக, 10 முறை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது இரண்டையும் சேருங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் குறைத்தால் சீக்கிரம் தணியும்.

### வெளிப்பக்கம்

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் இல்லை, மூன்றாவதில் தவறாமல் குத்துகிறது என்றால் தொடையின் வெளிப்பக்கப் பட்டை உரசலாக இருக்கும். குத்தும் தூரத்துக்கு முன்பே, இரண்டு கிலோமீட்டரில் நிறுத்துங்கள். குத்திய பிறகு ஓடுவது புண்ணைக் கிளறுவதுதான். தரையில் ஒரு கோடு இருந்தால் அதன் இருபக்கமும் ஒவ்வொரு பாதம் விழும்படி ஓடிப் பாருங்கள். இரண்டு பாதமும் அந்தக் கோட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தால் அதுதான் காரணம். ஃபோம் ரோலர் எனப்படும் நுரை உருளையால் தேய்த்தால் சற்று இதமாக இருக்கும், பட்டை நீளாது.

எலும்பு மருத்துவரிடம்: சில மணி நேரத்தில் வீக்கம், முழங்கால் மடங்கிய நிலையில் மாட்டிக்கொள்வது, நடக்கும்போது திடீரென்று மடிந்து விழப்பார்ப்பது.

## குதிகால் வலிக்கிறது

### காலையில் முதல் அடியில், குதிகாலுக்கு அடியில்

படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடி குத்தும், நடக்க நடக்கக் குறையும். பாதத்தின் அடிப்பட்டை அழற்சி. ஓட்டத்தைக் குறை சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள்: கிரானைட், டைல்ஸ் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பதும், தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பும் இதைக் குணமாக விடாது. வீட்டுக்குள் போட மென்மையான, சற்றுக் குதி உயர்ந்த செருப்பு ஒன்று வாங்குவதுதான் இங்கே முதல் செலவு.

படுக்கையை விட்டு இறங்கும் முன் கால்விரல்களைக் கையால் முன்னெலும்பை நோக்கி இழுத்து 10 விநாடி, பத்து முறை. பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் மேல் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி மடியும்படி நின்று, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 12 முறை, மூன்று சுற்று. மாதங்கள் பிடிக்கும். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரம் அடக்கும், ஆனால் பட்டை அறுந்துபோகும் ஆபத்தும் அதில் உண்டு. அதை முதல் மருந்தாகக் கேட்காதீர்கள்.

குதி எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் வலி துள்ளுகிறது என்றால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

### குதிகாலுக்குப் பின்னால், மேலே

காலையில் விறைப்பு, தொட்டால் தடிப்பு. கடற்கரை மணலில் ஓடத் தொடங்கியது, குதி உயரம் இல்லாத தட்டை ஷூவுக்கு மாறியது, முன்பாத ஓட்டம், இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். படியின் விளிம்பில் நின்று, இரண்டு காலால் உயர்ந்து, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறங்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம். வலி எலும்போடு தசைநார் ஒட்டும் அடிப்புள்ளியிலேயே இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அவை தசைநாரைப் பாதிக்கக்கூடியவை.

யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல ‘டப்’ என்று விட்டுப்போய், கட்டைவிரலில் ஊன்றி எழ முடியாவிட்டால் தசைநார் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

## கொப்புளம், கறுத்த நகம், உரசல்

நகம் கறுத்தால் ஷூ சிறியது. நீண்ட கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கினால் பெரிய சைஸ் கேட்காமல் அகல வகை கேளுங்கள். குதிகால் வழுக்கினால் மேலே சும்மா இருக்கும் அந்தக் கடைசி ஓட்டையிலும் கயிற்றை வளையமாகக் கோத்து இறுக்கலாம். பருத்தி சாக்ஸும் பருத்தி பனியனும் வியர்வையைப் பிடித்து வைத்து உரசும். பாலியெஸ்டருக்கு மாறி, தொடை, அக்குள், முலைக்காம்பில் வாஸலீன் தடவுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் எந்தப் புண் வந்தாலும் வீட்டு வைத்தியம் கிடையாது.

## தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

சென்னைபோன்ற கடலோர ஊரில் காலை ஐந்து மணிக்கு வெயில் இராது, ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காயாமல் வழிந்தோடினால் உடல் குளிராது. வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் வாட்சை மறந்துவிட்டு மூச்சை வைத்து ஓடுங்கள்.

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் வழியில் குடித்தது போதவில்லை. மாறாக எடை கூடி, விரல் மோதிரம் இறுகி, தலைவலித்தால் வெறும் தண்ணீரை அதிகம் குடித்துவிட்டீர்கள். அந்த நிலையில் மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து, மருத்துவரைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ நல்லது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது.

கூட ஓடுபவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெறும் களைப்பு அல்ல. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

## மாதக்கணக்கில் ஓடியும் வேகம் கூடவில்லை

தினமும் ஒரே தூரம், ஒரே நடுத்தர வேகம். இதுதான் வழக்கமான காரணம். ஐந்து ஓட்டத்தில் நான்கை, ஓடிக்கொண்டே வீட்டு முகவரியை மூச்சு அறாமல் சொல்லக்கூடிய வேகத்துக்கு இறக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டம் முடிந்ததும் 20 விநாடி வீதம் நான்கு முறை விரைவாக, ஆனால் இறுக்கமில்லாமல் ஓடி, நடுவில் ஒரு நிமிடம் நடங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த ஐந்தாவது ஓட்டத்தில் 3 நிமிடம் வேகமாக, 2 நிமிடம் மெதுவாக, நான்கு சுற்று.

வேகம் கூடுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போகிறதா? காலை எழுந்தவுடன் நாடி பார்த்து எழுதுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு அதிகமாகப் பல நாள் நின்றால் ஒரு வாரம் ஓட்டத்தைப் பாதியாக்கி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் சரிசெய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபெரிட்டினோடு தைராய்டும் பார்க்க வேண்டும்.

இரத்தம் சரி, தூக்கம் சரி, மூன்று மாதத் திட்டமும் சரி, ஆனாலும் நேரம் அப்படியே நிற்கிறது என்ற இடத்தில்தான் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் வேலை செய்யும். அவரிடம் போகும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவையும் கடைசி எட்டு வாரக் கணக்கையும் கொண்டு போங்கள். இரண்டையும் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே அட்டவணையை நீட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.